தலை நிமிர்ந்த வாத்துகள்

— அதாவது, எல்லாமே நம்ம கோதுமையிலதான் இறங்கியிருக்கா, இல்ல ஒண்ணு ரெண்டாவது அந்தப் பக்கம் போயிருக்கா? நல்லாப் பாத்துச் சொல்லு.

— நல்லாத்தாங்க பாக்குறேன். பைனாகுலரை ஒட்டி வச்சு ஒட்டி வச்சு மூக்கே மரத்துப்போச்சு. அத்தனையும் நம்ம கோதுமையிலதான். பந்தியில உக்காந்த மாதிரி வரிசையா மேயுதுங்க. அந்தப் பக்கம் நீங்க செஞ்சு வச்ச மர வாத்துங்க மட்டும் அநாதையா நிக்குது.

— ஒரு வாத்து கூடவா ஏமாறல?

— ஏமாந்தது நாம ரெண்டு பேர்தான்.

— எனக்கு இது புரியவே இல்ல. அதாவது, ஒரு காட்டு வாத்துக்குக் குளிர்காலத்துல என்ன வேணும்? திறந்த வெளி வேணும். மரம், வேலி, வீடு எதுவும் கிட்ட இருக்கக் கூடாது. ராத்திரி தூங்கப் பக்கத்துல ஏரி வேணும். கீழ சிந்தின தீனி வேணும். அந்தப் பக்கம் உங்க பெரியம்மா சோளம் அறுத்துட்டு விட்ட நிலம், அந்தச் சோளக்கட்டையில இது எல்லாமே இருக்கு. அறுப்பு மெஷின் சிந்தின மக்காச்சோளம் மணி மணியா கிடக்கு. அதை விட்டுட்டு இங்க வந்து பச்சைத் தளிரைப் பிடுங்குதுன்னா, அதுங்களுக்கு ருசின்னா என்னன்னே தெரியல.

— மெதுவாப் பேசுங்க. இந்த மோட்டார் ரூமுக்குள்ள நீங்க மூச்சு விட்டாலே எதிரொலிக்குது.

— கேட்டுட்டுப் பறந்து போகட்டுமே. அதுக்குத்தானே உக்காந்திருக்கோம். வேணும்னா பாட்டே பாடுறேன்.

— போன வாரம் பாடினீங்களே. ரெண்டு வாத்து இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உக்காந்துச்சு.

— அது வேற கதை.

— பொம்மைக்கு உங்க சட்டையை மாட்டி வயல்ல நிறுத்தினதும் வேற கதைதான். முதல் நாள் பயந்துச்சுங்க. மறுநாள் சுத்தி வந்து பாத்துச்சுங்க. அப்புறம் அதோட நிழல்லயே படுத்துத் தூங்குதுங்க.

— அது நான் உன்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப போட்டிருந்த சட்டை. ஒரு மரியாதை வேண்டாமா?

— சட்டைக்குள்ள நீங்க இருந்தப்பவே யாரும் பயப்படல. நான் உட்பட.

— சிரிச்சுக்கோ, சிரிச்சுக்கோ. இன்னும் கொஞ்ச நேரத்துல உங்க பெரியம்மா வரப்புல வந்து நிப்பாங்க. அப்ப யார் சிரிக்கிறாங்கன்னு பாப்போம்.

— ஞாபகப்படுத்தாதீங்க.

— ஃபோன்ல என்னதான் சொன்னாங்க? அவங்க சொன்ன மாதிரியே சொல்லு.

— "நான் ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோ வாண்டு. இன்னிக்குக் காலையில நிலத்துக்கு வர்றேன். வந்து பாத்துட்டு என் முடிவைச் சொல்றேன். அந்த குடோன்காரர் விடாம ஃபோன் பண்றார்." அவ்வளவுதான். நான் பதில் பேசறதுக்குள்ள வச்சுட்டாங்க.

— உங்க பெரியம்மா ஃபோனை முதல்ல வச்சாங்களா? அப்ப விஷயம் பெருசுதான்.

— ரெண்டு நிலத்தையும் சேத்துக் கேக்குறாராம். நம்ம கோதுமை, அவங்க சோளக்கட்டை, ரெண்டையும் மட்டம் பண்ணி கான்கிரீட் போட்டு குடோன் கட்டுவாராம். பெரியம்மா சரின்னு சொல்லிட்டா நம்ம குத்தகை இந்த அறுப்போட முடிஞ்சுது.

— அப்புறம் நான் திரும்பவும் உங்கண்ணன் பிளைவுட் கடையில போய் நிக்கணும். தச்சன்னு போர்டு மட்டும் இருக்கும். வர்றவனுக்கெல்லாம் பலகையை அளவு பாத்து வெட்டிக் குடுத்துட்டு, உங்கண்ணன் டீ குடிச்ச டம்ளரையும் நானே கழுவி வைக்கணும்.

— நான் அந்தக் கடை மாடிக்குத் திரும்பி வரமாட்டேன். இப்பவே சொல்லிட்டேன். ஜன்னலைத் திறந்தா எதிர் வீட்டுச் சுவரு. அதுல ஒரு குழாய். அந்தக் குழாய்ல ஒரு கசிவு. நான் பாத்த இயற்கைக் காட்சி அதுதான். இங்க வந்து என் கையால விதைச்சு, அது ஒரு நாள் காலையில பச்சையா எழுந்து நின்னுச்சு பாருங்க, அன்னிக்கு நான் அழுதேன். உங்களுக்குத் தெரியாது. நீங்க டிராக்டர்காரர்கிட்ட வாயாடிட்டு இருந்தீங்க.

— தெரியும்.

— எப்படித் தெரியும்?

— மூக்கை என் துண்டுலதானே துடைச்சே.

— சும்மா இருங்க. அந்தப் பச்சையைத்தான் இப்ப கத்திரி போட்டு வெட்டின மாதிரி நுனி நுனியா கடிச்சுட்டு இருக்குதுங்க. இன்னும் வேர் போகல. இதோட விட்டா வெயில் திரும்பறதுக்குள்ள தழைச்சுடும். விடுமா?

— விடணும்னுதானே ஒரு மாசம் கண்ணு முழிச்சு அத்தனை மர வாத்து செஞ்சேன்! வாத்து இருக்குற எடத்துலதான் வாத்து இறங்கும்னு நீதானே சொன்னே?

— சொன்னேன். அது நிஜம்தான். மேல பறக்குறப்ப கீழ தங்களோட ஆளுங்க மேயறதைப் பாத்தா, அங்கதான் இறங்கும். தினமும் பாக்குறேனே.

— அப்புறம் ஏன் இறங்கல? என் வேலையில எங்க குறை? ஒவ்வொரு இறக்கையும் தனித்தனியா செதுக்கினேன். நீ பெயிண்ட் அடிச்சே. பால்காரர் பாத்துட்டு, இது உசுரோட இருக்குன்னு தொட்டுப் பாத்தார்.

— கொஞ்சம் இருங்க.

— என்ன?

— ஓரத்துல ஒண்ணு மேயாம நிக்குது.

— வயிறு நிறைஞ்சிருக்கும். எனக்கு எரியுது.

— இல்லைங்க. மத்ததெல்லாம் குனிஞ்சிருக்கு. இது மட்டும் கழுத்தைக் கம்பு மாதிரி நீட்டிட்டு சுத்திச் சுத்திப் பாக்குது. இப்ப குனிஞ்சிடுச்சு. பக்கத்துல இருந்தது நிமிருது. முறை மாத்திக்குதுங்க!

— காவல் போட்டிருக்குதுங்க. விவரமான பசங்க.

— நேத்து ஒரு கறுப்பு நாய் ஓடி வந்துச்சே, அப்ப என்ன ஆச்சு? முதல்ல ஒரு தலை எழுந்துச்சு. அப்புறம் நாலஞ்சு. அப்புறம் எல்லாத் தலையும் நிமிர்ந்துச்சு. நிமிர்ந்த உடனே பறந்துடுச்சுங்க.

— ஆமா. அதுக்கென்ன?

— என்னங்க, உங்க மர வாத்துல எத்தனை குனிஞ்சு மேயுது?

— குனிஞ்சா?

— ஆமா. குனிஞ்சு.

— குனியற மாதிரி எதுக்குச் செய்யணும்? ஒவ்வொண்ணும் தலை நிமிர்ந்து, நெஞ்சைக் காட்டிட்டு, கம்பீரமா நிக்கும். அந்தக் கழுத்து வளைவை இழைக்கிறதுக்கே எனக்கு...

— அத்தனை வாத்து செஞ்சு அத்தனையையும் காவலுக்கு நிறுத்தியிருக்கீங்களே! மேயறதுக்கு ஒண்ணு கூட இல்லையே!

— ஐயோ.

— மேல பறந்து வர்றதுங்க கண்ணுக்கு என்ன தெரியும்? கீழ ஒரு கூட்டமே வெறைச்சுப்போய் நிமிர்ந்து நிக்குது. "இங்க ஏதோ பெரிய ஆபத்து போல, இறங்காதே"ன்னு அடுத்த நிலத்துக்குப் போகுது. அடுத்த நிலம் யாரோடது?

— நம்மளோடது.

— கண்ணு முழிச்சு செதுக்கி, பெயிண்ட் அடிச்சு, நாமளே விரட்டி நாமளே நம்ம பயிர்ல இறக்கியிருக்கோம்.

— ஒரே ஒரு சந்தேகம். அதாவது, என் வேலை தப்புன்னு சொல்றியா, இல்ல ரொம்ப நல்லா இருக்குன்னு சொல்றியா? ஏன்னா நிஜ வாத்தே பாத்து நம்பியிருக்குன்னா...

— இந்தப் பெருமையை அப்புறம் பேசுவோம். எந்திரிங்க!

— எங்க?

— அந்தக் காவல்காரங்க எல்லாரையும் தூக்கிட்டு வந்து நம்ம கோதுமையில நிறுத்தணும். நாம வெளிய தலை காட்டினாலே இதுங்க எழுந்து ஏரியை ஒரு சுத்து சுத்தப் போகும். திரும்பி வரும்போது ஆபத்து இந்தப் பக்கம் இருக்கணும். சோளக்கட்டை காலியா இருக்கணும். பெரியம்மா வர்றதுக்குள்ள!

— இரு, கால் மரத்துப்போச்சு. ஓடாதே! வரப்புல வழுக்கும்!

— எழுந்துடுச்சு! அப்பா, என்ன சத்தம்! சந்தை கலைஞ்ச மாதிரி!

— அதைப் பாக்காதே, இதைப் பிடி. ஏய், கழுத்தைப் பிடிச்சுத் தூக்காதே! ஒட்டு விட்டுடும்!

— கழுத்தை விட்டா பிடிக்கறதுக்கு என்ன இருக்கு இதுல?

— அடியில கை குடு. குழந்தையைத் தூக்குற மாதிரி.

— இப்படிக் கனக்குற குழந்தையை நான் பெத்திருந்தா செத்தே போயிருப்பேன். எந்த மரத்துல செஞ்சீங்க?

— நம்ம பழைய வாசக்கதவு. அதான் அந்தப் பெரிய வாத்து முதுகுல கீல் வச்ச தழும்பு இருக்கு.

— வாசக்கதவா? கரையான் அரிச்சிடுச்சுன்னு சொன்னீங்களே! ரெண்டு மாசமா தகரத்தை வச்சு மறைச்சுட்டு இருக்கோமே!

— எதுவா இருந்தாலும் அப்புறம் பேசுவோம், எந்திரிங்கன்னு நீதானே சொன்னே?

— இருக்கட்டும். வீட்டுக்கு வாங்க. இதை எங்க குத்தறது?

— அங்க, நடுவுல. கம்பியை நல்லா மண்ணுக்குள்ள அழுத்து. எல்லாம் காத்துக்கு எதிரா பாக்கணும். வாத்து காத்துக்கு முதுகு காட்டி நிக்காது, இறகு தூக்கிக்கும். அதையெல்லாம் நான் கவனிச்சிருக்கேன்.

— தலையை மட்டும் கவனிக்கல.

— இன்னும் எத்தனை நாளைக்குச் சொல்லுவே இதை?

— ஆயுசுக்கும். சீக்கிரம், சீக்கிரம்! ஏரிக்கு மேல திரும்பிடுச்சுங்க!

— இதான் கடைசி. குனி! மோட்டார் ரூமுக்கு ஓட நேரமில்ல. அப்படியே வாய்க்கால்ல உக்காரு.

— தண்ணி இருக்குங்க!

— குளிச்சுக்கலாம். பேசாதே.

— நம்ம தலைக்கு மேலதான் வருதுங்க. இறங்கப் போகுது. இறங்கப் போகுதுங்க, கடவுளே, நம்ம நிலத்துலயே...

— இரு. இரு. நம்ம காவல்காரங்களைப் பாத்துடுச்சு. பாரு, அந்த முதல் வரிசை உடைஞ்சு திரும்புது!

— சோளக்கட்டைக்குப் போகுது! காலைத் தொங்கவிட்டுடுச்சு! ஒண்ணு இறங்கிடுச்சு! இன்னொண்ணு! என்னங்க, எல்லாமே!

— குனியுதா?

— குனிஞ்சு கொத்துதுங்க! ஐயோ, நீங்க வாழ்க! சேத்துக் கையால கட்டிப் பிடிக்காதீங்க!

— பிடிச்சாச்சு. அதாவது, ஒரு தச்சன் நினைச்சா வானத்துல போறதையே திருப்பலாம்.

— தப்பா செஞ்சே திருப்பலாம். சரி, நம்ம பயிர் எப்படி இருக்கு பாருங்க. ஓரமெல்லாம் பச்சையாத்தான் இருக்கு. நடுவுலதான் வழுக்கை.

— ஓரத்துல முடி இருந்தா போதும். நான் இத்தனை வருஷமா அதை வச்சுத்தானே சமாளிக்கிறேன்.

— வாண்டு! ஏண்டி வாண்டு! யாருடி அது வாய்க்காலுக்குள்ள உக்காந்திருக்கிறது?

— பெரியம்மா! வாங்க பெரியம்மா! அங்கயே நில்லுங்க, இந்தப் பக்கம் சேறு. நாங்க வர்றோம்.

— வாங்க அத்தை.

— இது யாரு, மாப்பிள்ளையா? அப்ப அங்க முனையில நிக்கிறது யாரு? "சௌக்கியமா மாப்பிள்ளை"ன்னு நின்னு விசாரிச்சேன். நீங்கன்னு நினைச்சு மூட்டுவலிக் கதையெல்லாம் சொன்னேன். பதிலே இல்ல. என்னடா இவருக்கு நம்ம மேல கோபம்னு ஒரே வருத்தமாப் போச்சு.

— அது பொம்மை அத்தை. என் சட்டையைப் போட்டிருக்கு.

— அப்படியா? அப்படியே உங்க சாயல்.

— உங்களுக்கு ஒரு நாற்காலி எடுத்துட்டு வரவா பெரியம்மா?

— ஒண்ணும் வேண்டாம். நான் ஒண்ணு சொல்றேன், ரெண்டு பேரும் கேளுங்க. நிலம் எப்படி இருக்குன்னு அப்புறம் பாப்போம். முதல்ல இதுக்குப் பதில் சொல்லு வாண்டு. நம்ம ஆளுங்க எப்ப இந்தப் பக்கம் வந்தாங்க?

— எந்த ஆளுங்க?

— அதோ, உன் கோதுமை நடுவுல நிக்கிறாங்களே! நேத்து சாயங்காலம் வரைக்கும் என் சோளக்கட்டையிலதானே நின்னாங்க!

— அத்தை, அது வந்து, அதாவது அது வாத்து இல்ல...

— வாத்து இல்லாம கொக்கா? என் கண்ணுக்கு என்ன கேடு? எனக்குப் பளிச்சுன்னு தெரியுது மாப்பிள்ளை. அந்த நிமிர்ந்த கழுத்தை வச்சே நான் அடையாளம் சொல்லிடுவேன்.

— சோளக்கட்டையில இப்ப இருக்குதே பெரியம்மா, அதுங்க?

— அதுங்க யாரோ புதுசு. பாரு, குனிஞ்ச தலை நிமிராம கொட்டிக்குதுங்க. எதுக்கெடுத்தாலும் கத்தல். ஒரு நாகரிகம் இல்ல. நம்ம ஆளுங்களைப் பாரு! எப்படி நிக்கிறாங்க!

— கம்பீரமா இருக்குல்ல அத்தை?

— அந்த வார்த்தையைத்தான் தேடிட்டு இருந்தேன் மாப்பிள்ளை. கம்பீரம்!

— கேட்டியா? இப்ப சொல்லு.

— நீங்க கொஞ்சம் வாயை மூடிட்டு இருங்க. பெரியம்மா, உங்களுக்கு எப்படி அதுங்களைத் தெரியும்?

— எப்படித் தெரியுமா? ரெண்டு வாரமா அதுங்களுக்குச் சோளம் போட்டுட்டு இருக்கிறதே நான்தான்.

— சோளமா?

— ஒரு நாள் சாயங்காலம் சும்மா நடந்துட்டு இருந்தேன். மத்த வாத்தெல்லாம் என் செருப்புச் சத்தம் கேட்டதும் எழுந்து ஏரிக்குப் பறந்துடுச்சு. இதுங்க போகல. நான் வரப்புல நிக்கிறேன், இதுங்க என்னையே பாக்குது. மறுநாள் ஒரு பையில சோளம் எடுத்துட்டுப் போய் வரப்புல இருந்தே வீசினேன். கிட்டப் போகல, எதுக்கு பயமுறுத்தணும்? அப்பவும் நகரல. அதுலயிருந்து தினமும் போறேன். நான் வருவேன்னு காத்துட்டு நிக்குதுங்க வாண்டு.

— அத்தை, அதுங்க அந்தச் சோளத்தை...

— ஒரு மணி மிச்சம் வைக்காது. காலையில போய்ப் பாத்தா சுத்தமா துடைச்சு வச்ச மாதிரி இருக்கும்.

— புறா.

— என்ன மாப்பிள்ளை?

— ஒண்ணும் இல்ல பெரியம்மா. அவருக்கு வாய்க்கால் தண்ணியில சளி பிடிச்சிருக்கு. தும்மினார்.

— பாத்துக்கோ. நான் ஒண்ணு சொல்றேன் வாண்டு, சிரிக்காதே. நான் எங்க போனாலும் பக்கத்துல இருக்கறவங்க எழுந்து போயிடுவாங்க. பையன் வீட்டுக்குப் போனா பேரப்பசங்க மாடிக்கு ஓடிடுதுங்க. மருமகளுக்கு நான் உக்காந்ததும் ஃபோன் வந்துடும், அது மணியே அடிச்சிருக்காது. நான் வாயாடிதான், எனக்குத் தெரியாதா என்ன? உங்க பெரியப்பா போனதுலயிருந்து இன்னும் ஜாஸ்தி ஆயிடுச்சு. அதுங்ககிட்ட நான் எவ்வளவு நேரம் பேசறேன் தெரியுமா? ஒண்ணாவது ஒரு காலை மாத்தி வைக்கணுமே! கழுத்தைத் தூக்கிட்டு அப்படியே கேக்குதுங்க.

— பெரியம்மா...

— அட, எதுக்குடி மூக்கை உறிஞ்சறே? உனக்கும் சளியா? சரி, என் முடிவைச் சொல்லிடறேன். அந்த குடோன்காரர்கிட்ட நேத்தே முடியாதுன்னுட்டேன்.

— விக்கலையா அத்தை?

— அதுங்க நிக்கிற எடத்துல கான்கிரீட்டை ஊத்த விடுவேனா? அதுங்க என் நிலத்துல இருக்கிற வரைக்கும் அது இருக்கட்டும், இந்தக் கோதுமை நிலமும் உங்ககிட்டயே இருக்கட்டும். என்னிக்கு அதுங்களும் என்னை விட்டுட்டுப் போகுதோ, அன்னிக்கு ரெண்டையும் குடுத்துட்டு நான் பையன் வீட்டுத் திண்டாட்டத்துக்கே போயிடறேன். அதனாலதான் இங்க பாத்ததும் பதறிட்டேன். மாப்பிள்ளை, எப்படியாவது அதுங்களை நைசா பேசி என் பக்கம் திருப்பி அனுப்பி வைங்க.

— அதுக்கென்ன அத்தை, ரெண்டு நடையில தூக்கிட்டு...

— ஓட்டிட்டு வந்து விட்டுடறோம் பெரியம்மா! மெதுவா ஓட்டிட்டு வந்து விடறோம்!

— நல்லது. நீங்க இருங்க, நான் போய் அந்தப் புதுசுங்களுக்கும் ரெண்டு கை போட்டுட்டு வர்றேன். நாகரிகம் இல்லன்னாலும் பசின்னு வந்திருக்குதுங்கல்ல.

— பாத்துப் போங்க பெரியம்மா. வரப்பு ஈரம்... என்னங்க, போயிட்டாங்களா?

— போயிட்டாங்க. பொம்மைகிட்ட நின்னு ஏதோ சொல்லிட்டுப் போறாங்க.

— அவங்க ஃபோன் பண்ணா நான் அடுப்புல பால் இருக்குன்னு சொல்லி வச்சுடுவேன். ஒரு தடவை ராத்திரி பதினோரு மணிக்கும் பால்னு சொல்லியிருக்கேன்.

— சொல்லிடலாம். உண்மையைச் சொல்லிடலாம். அதாவது, மரத்தை வாத்துன்னு காட்டி வாத்தை ஏமாத்தறது தொழில். மனுஷங்களை ஏமாத்தறது எனக்கு ஒப்பல.

— என்னன்னு சொல்லுவீங்க? "உங்க பேச்சைப் பொறுமையா கேட்டது எங்க வாசக்கதவு, சோளத்தைத் தின்னது புறா பெரியம்மா"ன்னா? நிலம் போறதை விடுங்க. அந்த முகத்தைப் பாத்தீங்களா? நான் பிறந்ததுலயிருந்து அவங்க முகத்தை அவ்வளவு சந்தோஷமா பாத்ததில்ல.

— அப்ப திருப்பிக் கொண்டுபோய் அங்கயே நிறுத்தணுமா? நிறுத்தினா நிஜ வாத்தெல்லாம் பயந்து மறுபடியும் நம்ம கோதுமைக்கு வந்துடும். நிறுத்தலன்னா நிலமே இல்ல. இது என்ன வம்பு?

— தலையைக் குனிய வையுங்க.

— யார்? நானா?

— வாத்துங்க! கழுத்தை அறுத்து, முக்கால்வாசிக்குக் குனிஞ்சு மேயற மாதிரி ஒட்டுங்க. ஒண்ணு ரெண்டு மட்டும் நிமிர்ந்து நிக்கட்டும், பெரியம்மாவுக்கு அடையாளம் தெரிய. மேயற கூட்டத்தைப் பாத்தா நிஜ வாத்தும் அங்கயே இறங்கும். கலந்து நிக்கும்.

— அந்தக் கழுத்தை அறுக்கச் சொல்றியே, உனக்கு மனசு இருக்கா?

— கதவை அறுத்தப்ப உங்களுக்கு இருந்துச்சா?

— சரி சரி, அறுக்கிறேன். அதோட, ஒண்ணு கேளு. நிஜம் நிறைய வந்து பழகினதும், நாம தினம் ஒண்ணா மரத்தை எடுத்துடலாம். சோளம் போடுற கைக்கு வாத்து பழகிடும். குளிர் முடியறதுக்குள்ள அங்க நிக்கிற அத்தனையும் உசுரோட நிக்கும். அவங்களுக்குத் தெரியவே தெரியாது. எதுவும் பொய்யாவும் இருக்காது.

— என்னங்க, வாழ்க்கையில முதல் தடவையா ஒரு யோசனை முழுசா சொல்லியிருக்கீங்க.

— முழுக் குளிர்காலமும் இருக்கே. அவசரமே இல்ல. மட்டம் பாத்து, நிதானமா செய்யலாம்.

— ஷ்! வர்றாங்க.

— என்னடி ரெண்டு பேரும் குசுகுசுன்னு பேசறீங்க?

— ஒண்ணும் இல்ல பெரியம்மா. உங்க ஆளுங்களை இன்னிக்கே அந்தப் பக்கம் அனுப்பிடறோம். எங்கயும் போகமாட்டாங்க. இனிமே நானும் சாயங்காலம் உங்க கூட சோளம் போட வர்றேன்.

— நீ வர்றியா? அடுப்புல பால் இருக்காதா?

— இருக்காது பெரியம்மா. பால் எல்லாம் காய்ச்சி வச்சுட்டே வர்றேன்.

— அப்ப உங்க ரெண்டு பேர்கிட்ட மட்டும் ஒண்ணு சொல்றேன், வெளிய சொல்லாதீங்க. எனக்குக் கொஞ்ச வருஷமாவே எதுவும் சரியா தெரியல. கண்ணுல புரை, எடுத்துடலாம்னு டாக்டர் கெஞ்சாத குறை. எடுத்துட்டு யாரைப் பாக்கப் போறேன், மருமக முகத்தையான்னு விட்டுட்டேன். இப்பதான் பாக்கணும்னு ஒரு ஆசை வந்திருக்கு. நேத்து நானே போய்க் கேட்டேன், நாளைக்கே வரச் சொல்லிட்டார்.

— நாளைக்கா அத்தை?

— நாளைக்கு ஆபரேஷன், மறுநாள் கட்டைப் பிரிச்சுடுவாங்களாம். பிரிச்சதும் வீட்டுக்குக் கூடப் போகமாட்டேன், நேரா இங்கதான். மாப்பிள்ளை, நீங்கதான் என் கையைப் பிடிச்சு அதுங்க பக்கத்துல கொண்டுபோய் நிறுத்தணும், முதல்ல அதுங்க முகத்தைத்தான் பாக்கப் போறேன்.